செண்பகவல்லி டீச்சரின் நூறு சதவீதத் தேர்ச்சி

ஒரு காட்டில் கீரிப்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பாம்பு பிடிக்கும் பாடம் நடத்தச் செண்பகவல்லி டீச்சர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு சாரைப்பாம்பு. எப்படி என்று கேட்காதீர்கள். இடமாறுதல் கலந்தாய்வில் கடைசி ஆளாகப் போய் நின்றவர்களுக்கு அது தெரியும்.

நடுங்கிக்கொண்டேதான் வகுப்புக்குள் போனார். உள்ளே ஒரே ஒரு மாணவன், பெயர் அய்யாத்துரை. மற்ற கீரிகளெல்லாம் அக்கரைத் தனியார் பள்ளிக்கு வேன் ஏறிவிட்டன. இவனோ தரையில் சணல் கயிறு கிடந்தாலே பெஞ்சு மேல் ஏறிக்கொள்கிற ரகம்.

“எங்க வீட்ல எல்லாருக்கும் வருது டீச்சர். எனக்கு மட்டும் வராது” என்றான்.

டீச்சருக்கு அந்த ஊர் மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆறு மாதம் கழித்துத் தலைமையாசிரியர் முள்ளம்பன்றி ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். “புள்ளைங்களுக்குத் தன்னம்பிக்கை வளர்க்கணுமாம் டீச்சர். தேர்ச்சி நூறு சதவீதம் வரலைன்னா உங்க வேலை போயிரும்.”

“செய்முறைத் தேர்வுக்குப் பாம்பு யாரு சார் குடுப்பாங்க?”

“தேவையான பொருளைப் பாட டீச்சரே கொண்டு வரணும். விதி அப்படி” என்றவர், டீச்சரைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆக, பையன் தோற்றால் வேலை போகும், தேறினால் உயிர் போகும். டீச்சர் முதலில் சுற்றறிக்கை சொன்ன தன்னம்பிக்கைச் செயலியில் மாணவர் விவரத்தைப் பதிந்தார். பிளவுபட்ட நாக்கால் தொட்டதில் அய்யாத்துரை இரண்டு முறை பதிவானான். திருத்த வழியில்லை என்று செயலி சொல்லிவிட்டது.

பிறகு பயிற்சி. முதல் நாள் பூசணிக் கொடி, அடுத்து தோட்டத்து ரப்பர் குழாய், அதற்கடுத்து அந்தச் சணல் கயிறு. ஒவ்வொன்றையும் பிடித்ததும் பையனின் முகம் மலர்ந்தது. டீச்சருக்கும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் அவன் பாய்ந்து கயிற்றின் நுனிக்கு நாலு விரற்கடை கீழே கச்சிதமாகக் கவ்வினான். டீச்சருக்குத் தன் கழுத்தில் அதே இடத்தில் சுருக்கென்றது. வாங்குகிற சம்பளத்துக்கு மேலே நடத்திவிட்டோமோ என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் பாடத்திட்டம் மாறியது.

“பாயறது பெருசில்ல அய்யாத்துரை, மனசுதான் முக்கியம். பாயறதுக்கு முன்னாடி கண்ணை மூடி ‘என்னால் முடியும்’னு நூத்தியெட்டு தடவை சொல்லணும். நடுவுல கண்ணைத் திறந்தா அத்தனையும் வீணாப்போகும்.”

தேர்வு நாளன்று பட்டப்பகலில் தேர்வாளராக ஓர் ஆந்தை வந்து கொட்டாவி விட்டது. டீச்சர் மைதானத்தின் நடுவே போய்ப் படுத்துக்கொண்டார். அய்யாத்துரை நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடி, காடே அதிர ஆரம்பித்தான். ஐந்தாவது தடவைக்குள் டீச்சர் மைதானத்து ஓரப் புற்றுக்குள் இருந்தார். நூற்றெட்டு முடிந்ததும் அவன் பாய்ந்த பாய்ச்சலில் புழுதிதான் பறந்தது.

ஆந்தை மதிப்பெண் தாளைப் பார்த்தது. அதில் ‘தன்னம்பிக்கை: உண்டு / இல்லை’ என்பதைத் தவிர வேறு கட்டமே கிடையாது. ‘உண்டு’ என்பதில் டிக் அடித்தது. செயலியில் அய்யாத்துரை இரண்டு பேர் என்பதால், இரண்டு பேரும் தேர்ச்சி.

முடிவு தெரிந்த பிறகே டீச்சர் வெளியே வந்தார். அய்யாத்துரை காலில் விழ ஓடி வந்து, கால் இல்லாததால் வாலில் விழுந்தான்.

“ஏன் டீச்சர் ஓடிட்டீங்க?”

“உன் தன்னம்பிக்கையைப் பாத்துப் பயந்துட்டேன்பா.”

பையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உயிரோடிருந்து வெட்கப்படுவது ஒரு சுகம் என்று தேற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கான படிவத்தை நிரப்பப் போனார்.

நீதி: மாணவருக்குத் தன்னம்பிக்கையை மட்டும் ஊட்டுங்கள். பாடத்தையும் சேர்த்து ஊட்டினால், அவர் முதலில் பிடிப்பது உங்கள் கழுத்தைத்தான்.