பல்லில்லாத நாய் கடித்த கதை

மலைக்கு ஆள் ஏற்றிவரும் ராஜேந்திரனின் ஜீப் வாசலில் நின்றதும் வேடியப்பன் காதில் முதலில் விழுந்தது பாட்டில் சத்தம்தான். பொங்கலுக்கு வந்த மச்சான் சந்திரன் பையோடு இறங்க, பைக்குள் 'கிளிங்' என்றது.

வேடியப்பன் குடியை விட்டு அன்றோடு எண்பத்தாறு நாள். தீபாவளியன்று இதே மச்சானோடு குடித்துவிட்டு விடிய விடிய மாட்டுக்கொட்டகையில் கிடந்தவன் அவன். மறுநாள் மனைவி மங்கம்மாள் துணிமணியை மூட்டை கட்டினாள். அதைப் பார்த்துப் பயந்துதான் திருப்பத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேர்ந்தான். "முதல் பண்டிகைதாங்க கஷ்டம். அதத் தாண்டிட்டா தைரியம் வந்துடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

குடியை விட்டுவிட்டேன் என்று நேராகச் சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னவனை நம் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? 'பண்டிகைக்கு ஒண்ணே ஒண்ணு' என்று கிளாஸைக் கையில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

"மாமா, நல்லா கீறீங்களா?" சந்திரனின் கை பைக்குள் போனது.

"நாய் கடிச்சிடுச்சு மச்சான்! ஊசி போட்டுக்கினு கீறேன்."

எப்பேர்ப்பட்ட குடிகாரனும் கட்டுப்படும் சட்டம் ஒன்று உண்டு. நாய்க்கடி ஊசி போட்டவன் சரக்கைத் தொடக் கூடாது. சந்திரன் கையை எடுத்துவிட்டுப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"ஐயோ மாமா! அப்ப நானும் தொடமாட்டேன். நீங்க பத்தியம் இருக்கசொல்ல நான் மட்டும் குடிச்சா நல்லாவா இருக்கும்?"

வேடியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காபி குடித்து முடிக்கும்வரைதான் அந்த நிம்மதி.

"எந்த நாய் மாமா?"

இதை அவன் யோசிக்கவேயில்லை. எதிரே புளியமரத்தடியில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளின் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கையை அந்தப் பக்கம் காட்டிவைத்தான்.

சந்திரன் உடனே கயிறு எடுத்துப்போய் நாயை மரத்தில் கட்டினான். "பத்து நாளு பாக்கணும் மாமா. அதுக்குள்ள இது செத்துப்போனா உங்களுக்குத்தான் ஆபத்து."

கெங்கம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "எவன்டா என் நாயக் கட்னது? அதுக்குப் பல்லு வுழுந்து ரெண்டு வருசமாச்சு. சாமைக் கஞ்சிதான் குடிக்குது. இன்னாத்தால கடிச்சுதாம்?"

தை மாதக் குளிரில் வேடியப்பனுக்கு வேர்த்தது. நல்லவேளை, சந்திரன் குறுக்கே பாய்ந்தான்.

"ஈறுலயும் விஷம் கீதும்மா! உங்களுக்கு இன்னா தெரியும்?"

விஷம் என்ற பிறகு விடுவானா? மறுநாள் மாட்டுப் பொங்கலும் அதுவுமாக மாமனைப் புதூர்நாடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனான். நர்ஸ் தமிழரசி கடிபட்டதாகச் சொன்ன காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேலி முள்ளு கீறுன மாதிரி கீதுங்களே. எதுக்கும் ஒரு டிடி ஊசி போட்டுடறேன், திரும்புங்க."

செய்யாத கடிக்கு நாய் கட்டுண்டு கிடந்தது. சொன்ன பொய்க்கு வேடியப்பன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வீடு திரும்பினான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாளன்று வீடெல்லாம் ஆட்டுக்கறி மணந்தது. அவன் இலையில் மட்டும் ரசம்.

"நாய்க்கடிக்குக் கறி ஆவாதுக்கா" என்று சந்திரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். உண்மை தெரிந்த மங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பாட்டிலோடு வந்த பங்காளிகளையும் சந்திரன் வாசலோடு விரட்டினான். "மாமாவுக்கு அந்த வாசனையே ஆவாது. எடுத்துக்கினு கெளம்புங்க!"

கறி போனால் போகிறது, பண்டிகை தாண்டிவிட்டது. எண்பத்தொன்பதாம் நாள் விடியற்காலை மச்சானைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது வேடியப்பனுக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது.

வீடு பெருக்கிக்கொண்டிருந்த மங்கம்மாள் கட்டிலுக்கடியில் குனிந்து எதையோ வெளியே இழுத்தாள்.

"தம்பி பைய வுட்டுட்டுப் போய்ட்டான்யா."

'கிளிங்.'

வேடியப்பனுக்கு நாக்கு வறண்டது. அந்தப் பை வீட்டில் ஒரு நாள் இருந்தாலும் தன்னை நம்ப முடியாது என்று அவனுக்குத் தெரியும். பாம்பைத் தூக்குகிறவன்போல் கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். நல்லகாலம், ராஜேந்திரன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இத மச்சான்கிட்ட குடுத்துடு. என் வூட்ல மட்டும் வேணாம்!"

ராஜேந்திரன் பையைப் பிரித்து இரண்டு பாட்டிலையும் வெளியே எடுத்தான். நன்னாரி சர்பத்.

வேடியப்பன் ஒரு பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தான்.

ராஜேந்திரன் சிரித்தான். "தீபாவளியோட அவரும் வுட்டுட்டாராம்பா. 'மாமா கிளாஸ நீட்டுனா நாய் கடிச்சிடுச்சுன்னு சொல்லிடப் போறேன்'னு ஜீப்புல வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தாரு. நீ முந்திக்கின!"