மூக்கண்ணனும் புகை போட்ட தேன்கூடும்

பழனி மலைத்தொடரில் ஓடுகிற அத்தனை வண்டிகளையும் கண்ணைக் கட்டிக்கொண்டு அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனிதர் மூக்கண்ணன்தான். மற்ற மெக்கானிக்குகள் வண்டியின் முன்பக்கம் போய் பானெட்டைத் திறப்பார்கள். இவர் நேராகப் பின்பக்கம் போவார். கம்பளிக் குல்லாயை மேலே தள்ளிவிட்டு, சைலன்சர் முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு தீர்ப்பு வரும். மேல்மலைப் போளூர்க்காரர், வீட்டில் பூண்டு விவசாயம், கொடைக்கானலில் ஷெட் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். சொந்தப் பெயர் மட்டும் தெரியாது. ரேஷன் கார்டிலும் மூக்கண்ணன் என்றே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சுற்றுலா வந்த ஒருவரின் காரை ஒருமுறை மோந்துவிட்டு, "ஏர் ஃபில்டர்ல எலி செத்துக் கெடக்கு" என்றார். கிடந்தது. ஜீப் டிரைவர் ஒருவரிடம், "ஏலே, டீசல்ல மண்ணெண்ணெய் கலக்குறத விடு" என்றார். அந்த டிரைவர் அன்றிலிருந்து ஷெட் இருக்கும் தெருவுக்குள்ளேயே வரவில்லை.

இரண்டு வருடங்களாக அவரிடம் ஒரு புதுப் பழக்கம். தான் மோந்து முடித்ததும் வண்டிக்காரரையும் குனியச் சொல்வார். "மோந்து பாருங்க. என்ன வாடை?" என்பார். நாம் சொல்வதை ஒரு 'ம்' போட்டுக் கேட்டுக்கொள்வார். எதற்கு இந்தப் பரீட்சை என்று எனக்கு மண்டை குடையும். கேட்டால் சிரிப்பார்.

என் வெள்ளைக் காருக்கு அப்போது பதினைந்து வயது முடிந்திருந்தது. ஏற்றத்தில் பால்காரரின் மொபெட்கூட அதை முந்திப் போனது. பதிவைப் புதுப்பிக்கத் திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் புகைச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

"அது கெடைக்கலைன்னா பழைய இரும்புக் கடைதாங்க. இந்தத் தடவ நீங்க குறுக்க நிக்கக் கூடாது" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். பண்ணைக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அவள் தினமும் அதில்தான் ஓட்டிப் போகிறாள். வண்டி போய்விட்டால் வெள்ளனே கிளம்பி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியது அவள்தான். ஆனாலும் அழுதது என்னவோ நான்தான்.

மூக்கண்ணன் வழக்கம்போலக் குந்தினார். என்னையும் குந்த வைத்தார்.

"சொல்லுங்க சார்."

"அழுகுன முட்டை மாதிரி இருக்குண்ணே."

"லேசாவா, கொடலப் பெரட்டுதா?"

"பெரட்டுதுண்ணே."

"அப்ப தேன்கூடு போச்சு."

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் அவர் தேன்கூடு என்பார். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருக்கிற டப்பா அது. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்கள். புகையில் இருக்கிற விஷத்தை முறித்து வெளியே அனுப்புவது அதன் வேலை. என் வண்டியில் அது உருகி அடைத்துக்கொண்டு, இன்ஜின் மூச்சு விட வழியில்லாமல் திணறிக்கொண்டிருந்தது.

"அத வெட்டி எறிஞ்சிட்டு வெறுங்குழாய் போட்டா என்னண்ணே?" என்றேன். அது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த யோசனை.

"போடலாம். வண்டி பறக்கும். பின்னாடி பைக்குல புள்ளையக் கூட்டிட்டு வர்றவன் உங்க விஷத்தக் குடிப்பான். அந்தச் சோலிக்கு வேற ஆளப் பாருங்க."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவரே சமாதானமும் சொன்னார். "ஹை ஃப்ளோன்னு ஒண்ணு வருது சார். கண்ணு பெருசு. புகை வெரசா வெளியேறும், விஷத்தையும் முறிச்சிரும். மதுரையில சொல்லிவிடுறேன்."

புதன்கிழமை மாலை அது பஸ்ஸில் வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை மாட்டினார். ஷெட்டு முழுக்கப் பூண்டு வாடை. அறுவடை சமயத்தில் அங்கே எப்போதும் நாலு மூட்டை கிடக்கும் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பரிசோதனை நிலையத்தில் இருந்தோம். ஒரு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அங்கிருந்த தம்பி குழாய்க்குள் கம்பியைச் செருகியவன், மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான்.

"சார், பக்கத்துல யாரும் ரசம் வைக்கிறாங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை. 'தேறவில்லை' என்றது.

மூக்கண்ணன் குந்தினார். நீளமாக இழுத்தார். "வாடையே இல்லையே. சுத்தமால்ல இருக்கு" என்றார்.

பத்தடி தள்ளிப் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடப் பரீட்சைக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. அவர் என்னைச் சோதிக்கவில்லை. என் மூக்கைக் கடன் கேட்டிருக்கிறார்.

அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன். "பூண்டு வாடைண்ணே. புகை போட்ட பூண்டு."

"ஐயையோ, பரண்" என்றார்.

போளூரில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். இல்லையென்றால் மலை ஈரத்தில் அழுகிவிடும். நல்ல பொருளாயிற்றே, ஈரம் ஏறிவிடக் கூடாதே என்று என் தேன்கூட்டையும் இரண்டு நாள் அங்கேயே தொங்கவிட்டிருக்கிறார். கண் அத்தனையிலும் கரி.

ஒரு நிமிடம்தான் உடைந்து நின்றார். அப்புறம் பழைய மூக்கண்ணன் திரும்பி வந்தார். "கரிதான? சூட்டுல எரிஞ்சிரும். ஏறுங்க. ஏத்தம் பூரா ரெண்டாவது கியர்லயே போகணும். மூணாவதுக்குக் கை போச்சு, மரியாத கெட்டுரும்!"

இன்ஜின் அலற ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"இப்ப?"

"பூண்டு."

"இப்ப?"

"கொஞ்சம் பூண்டு."

"இப்ப?"

"தைலம்."

"அது மரம் சார். வண்டியச் சொல்லுங்க!"

கடைசியில் ஓரங்கட்டி, இறங்கிக் குந்தி மோந்தேன். "ஒண்ணுமில்லண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

வண்டியைத் திருப்பி நிலையத்துக்கு விட்டோம். ஒரு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. திரும்பும் வழியில் அவரே சொன்னார். "ஒரு காச்சல் வந்துச்சு சார். அதுல போன வாசனை திரும்பல. கறிக்கொழம்பும் வெந்நியும் எனக்கு ஒண்ணுதான். பேரே மூக்கண்ணன், இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டேன். "எழுதுங்க. தெரிஞ்சாத்தான் வர்றவங்க வாடையக் கூட்டிக் குறைக்காமச் சொல்லுவாங்க" என்றார்.

போன வாரம் என்னைப் போளூருக்குக் கூட்டிப் போய், அவர் வீட்டுப் பரணுக்குக் கீழே நிறுத்தினார். மேலே விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகப் புகையில் தொங்கியது. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படி சார் இருக்கு?" என்றார். அவருக்கும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

"நம்ம வண்டி மாதிரியே இருக்குண்ணே."