கஷ்டப்பெட்டி

எல்லாத்துக்கும் காரணம் நீதான். உன் பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனாலும் நீதான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே ஏசியைக் கூட்டி வைத்து, மேலே கோட்டும் மாட்டிக்கொண்டு, கரண்ட் பில் கட்ட முடியாத குடும்பங்களைப் பற்றி உருக்கமாக யோசித்தாய். யோசித்த களைப்பில் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தாய். அது யார் வீட்டுச் சுவரில் வந்து தொங்கியது என்று கேட்டுக்கொள்.

தையல்காரம்மா வீட்டில்.

லேசுப்பட்ட ஆள் இல்லை அவள். பொத்தான் வாங்க அவள் தெருமுனையில் வரும்போதே கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவார். பேரம் முடித்துத் திரும்பினால் பையில் இரண்டு நூல்கண்டு சும்மா வந்திருக்கும். அவள் வாய் செல்லாத ஒரே இடம் மின்சார அலுவலகம். பாக்கியைக் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று அங்கிருந்து சீட்டு வந்துவிட்டது. இணைப்பு போனால் மோட்டார் வைத்த தையல் மிஷின் போச்சு. மிஷின் போனால், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்ட சீருடை மொத்தமும் போச்சு. அதற்கு வாங்கிய முன்பணமோ வீட்டு வாடகையில் ஏற்கெனவே கரைந்து போச்சு.

ஆகவே அதே அலுவலகத்துக்குச் சலுகை கேட்டு எழுதிப் போட்டாள். ஒருநாள் காலையில் சலுகை அதிகாரி நேரில் வந்தார். பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் ஒரு பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார்.

"இல்லத்து இடர்நிலை அளவீட்டுக் கருவி" என்றார்.

"என்ன சார் பண்ணும்?"

"உங்க கஷ்டத்தை அளக்கும்மா. வீட்ல ஆள் அசைஞ்சா முழிச்சுக்கும். நடமாட்டம், வெளிச்சம், சத்தம் எல்லாத்தையும் பார்த்து ரெண்டு வாரத்துல தரம் சொல்லும்."

"நான்தான் வாயாலயே சொல்றேனே, கஷ்டம்னு."

"அது அகச்சான்று. அரசுக்கு வேண்டியது புறச்சான்று."

"சரி. இது எதுல ஓடும்?"

"கரண்ட்ல."

"யார் கரண்ட்ல?"

அதிகாரியின் மனம் சற்றுப் புண்பட்டது. "உங்க சுவர்ல மாட்டினா உங்க கரண்ட்தானேம்மா."

தையல்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பேரம் தொடங்கப்போகிறது என்று பொருள். "ராத்திரி மட்டும் ஓடட்டும் சார்."

"கஷ்டத்துக்கு ராத்திரி பகல் உண்டாம்மா?" என்றார் அதிகாரி. அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டார்.

"அணைச்சு வச்சா?"

"அணைஞ்சா கஷ்டம் தீர்ந்துடுச்சுன்னு பதிவாயிடும்."

பெட்டி சுவரேறியது. யாராவது அசைந்தால் பச்சை விளக்கு எரியும். பெட்டி சூடாகாமலிருக்க உள்ளே ஒரு குட்டிக் காத்தாடி சுற்றும். ஒற்றை அறை வீட்டில் அசையாமல் எங்கே இருப்பது? பெட்டிக்கு ஓய்வே இல்லை. மீட்டர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவள், வீட்டில் இருந்த ஒரே ஃபேனையும் நிறுத்திவிட்டாள். கிடங்குக்கு இரவுக் காவல் போய்விட்டுப் பகலில் தூங்கும் அவள் வீட்டுக்காரர் வியர்வையில் நனைந்தபடி பெட்டியைப் பார்த்தார்.

"இந்த வீட்ல காத்து வாங்கறது அது ஒண்ணுதான்."

"புரண்டு படுக்காதீங்க. முழிச்சுக்கும்."

இரண்டு வாரத்தில் தரம் வந்தது: 'மிதமான நலவாழ்வு. சலுகை தேவையில்லை.' அலுவலகத்துக்குப் பறந்தாள்.

"நாள் முழுக்க வெளிச்சம்னு பதிவாகியிருக்கேம்மா."

"அது பெட்டியோட விளக்கு சார்."

"காத்தாடி வேற ஓயாம சுத்தியிருக்கு."

"அதுவும் பெட்டிக்குள்ள இருக்கறது."

"காத்தாடி பெட்டிக்குள்ள. பெட்டி வீட்டுக்குள்ள. அப்போ காத்தாடி உங்க வீட்லதானே சுத்துது?"

பொத்தான் கடைக்காரரைக் கலங்கடித்தவள், செருகிய முந்தானையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்ததால் அதிகாரி மறு அளவீட்டுக்கு எழுதிக்கொண்டார். அதுவரை இணைப்பைத் தொடமாட்டோம் என்றும் பெரிய மனது பண்ணினார்.

இதற்குள் ஊரில் பெட்டி மோகம் பரவிவிட்டது. அரசாங்கமே தேடிவந்து மாட்டும் பொருள் என்றால் சும்மாவா? கூடத்தில் பச்சை விளக்கு எரியாத வீடு ஒரு வீடா? மாடிவீட்டம்மா ஒருநாள் சரிகைத் துணியோடு வந்தாள், பெட்டிக்கு உறை தைக்கணுமாம்.

"உங்க வீட்லயுமாம்மா?"

"ஊரே மாட்டியிருக்கு, நாம மட்டும் விட்டுக்கொடுக்கிறதா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு முதல் தரம். 'அதிதீவிர இடர்நிலை.' பாதிக் கட்டணம் தள்ளுபடி."

தையல்காரம்மாவின் கத்தரிக்கோல் நின்றது. "எப்படிம்மா?"

"ரெண்டு வாரம் குடும்பத்தோட மலைக்குப் போயிட்டோம். பூட்டின வீட்ல விளக்கு ஏது, அடுப்பு ஏது? பெட்டி முழிக்கவே இல்லை. பதிவைப் பார்த்து அந்த அதிகாரி கண் கலங்கிட்டாராம், பாவம்."

உறைக்குக் கூலியை இரண்டு மடங்காகச் சொல்லி வாங்கிக்கொண்டு, தையல்காரம்மா அன்றைக்கே வீட்டைப் பூட்டினாள். மலைக்குப் போக வசதியில்லை. மிஷினைத் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாகப் பிடித்து, புருஷனும் பெண்டாட்டியும் மின்சார அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்துக்குப் போனார்கள். குளுகுளுவென்று இருந்தது. தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் பிளக் இருந்தது. டோக்கன் வாங்கியவரை யாரும் வெளியே போகச் சொல்லக்கூடாது என்பது விதி. அவள் முறை வரும்போதெல்லாம், "பின்னாடி இருக்கிறவங்க போகட்டும், பாவம்" என்று விட்டுக்கொடுத்துவிட்டுத் தைத்தாள். வீட்டுக்காரர் பெஞ்சில் ஆசைதீரப் புரண்டு தூங்கினார். இருட்டியபின் அவள் மட்டும் வீட்டுக்குப் போய், பெட்டி விழிக்காதபடி தவழ்ந்தே பாய்க்குப் போவாள்.

விஷயம் தெரிந்து தெருவே திரண்டு வந்தது. செல்போன்கள், இஸ்திரிப் பெட்டி, ஒருவர் மாவரைக்கும் மிஷினோடு.

அதிகாரி வந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"காத்திருக்கோம் சார்."

"மிஷினோடயா?"

"வீட்ல ஆள் இருந்தா கஷ்டம் இல்லைன்னு உங்க பெட்டிதானே சொல்லிச்சு."

அதிகாரி தன் சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்து, "காலர் பிஞ்சிருக்கு. தச்சுத் தருவீங்களா?" என்றார்.

"எவ்வளவு தருவீங்க?"

இந்த முறை அவளுக்கும் 'அதிதீவிர இடர்நிலை' கிடைத்தது. சீருடையில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. உத்தரவை அலுவலகத்தில் நேரில் வந்து வாங்கி, பாதிக் கட்டணம் கட்டிவிட்டால் போதும். முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு போனாள்.

அலுவலகம் பூட்டியிருந்தது.

கூடத்தில் ஊரே குடியேறியதில் அலுவலகத்தின் கரண்ட் பில் எகிறிவிட்டதாம். அலுவலகமே சலுகை கேட்டு விண்ணப்பித்து, தனக்கும் ஒரு பெட்டி மாட்டிக்கொண்டு, முதல் தரம் வாங்குவதற்காக இரண்டு வாரம் கதவடைத்துவிட்டது. கட்டணம் வேறெங்கும் கட்ட முடியாது. கட்டாதவர்களின் இணைப்பைத் துண்டிக்கும் பிரிவு மட்டும் அத்தியாவசியப் பணி என்பதால் தெருவில் இறங்கி வேலை பார்த்தது. லைன்மேன் ஏணியோடு வந்தார். தையல்காரம்மா வீடு, சரிகை உறை போட்ட மாடிவீடு, தைத்த காலரோடு வாசலில் நின்ற அதிகாரியின் வீடு, எதுவும் தப்பவில்லை.

"இது என் வீடுப்பா" என்றார் அதிகாரி.

"பில் கட்டினீங்களா சார்?"

"ஆபீஸ் பூட்டியிருக்கே."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

கரண்ட் போனதும் ஊரிலுள்ள பெட்டி எல்லாம் ஒன்றாக அணைந்தன. அணைந்தால் என்னவென்று பதிவாகும்? கஷ்டம் தீர்ந்தது. ஒரே நாளில் ஒரு ஊரே கஷ்டத்திலிருந்து விடுபட்டதைப் பாராட்டி உனக்கு மேடையில் மாலை போட்டார்கள். நீயும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய்.

மாலை வாடுவதற்குள் கிளம்பி வா. வந்து உன் கையாலேயே அந்தப் பெட்டியைக் கழற்று. அலுவலகத்தைத் திற. அவள் பணம் இன்னும் முந்தானையில்தான் இருக்கிறது, வாங்கிக்கொண்டு இணைப்பைக் கொடு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். தைக்காத சட்டை மிஷின் மேல் குவிந்து கிடக்கிறது.

வரும்போது அவளிடம் பேரம் மட்டும் பேசாதே. காத்தாடி சுற்றிய கரண்டுக்கு எவ்வளவு கேட்கிறாளோ, கொடுத்துவிட்டுப் போ.