தொண்ணூற்றெட்டிலிருந்து எக்ஸ்பிக்கு ஒரு பாதுகாப்பான பயணம்

இத்தீவில் வீட்டுக் கணினியொன்றை மிகப் பாதுகாப்பாகப் புதுப்பித்த குடும்பம் எங்களுடையதே என்பதை அடக்கத்தோடு அறிவிக்கிறேன். டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். அவசரம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

2004இல் எங்கள் கணினியில் இன்னும் விண்டோஸ் 98தான். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்கு எக்ஸ்பி வந்துவிட்டதென்று கேள்விப்பட்ட அன்றே குடும்பக் கூட்டம் கூட்டினேன். தலைவர் நான். செயலாளரும் நானே. தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது.

குறித்த வெள்ளிக்கிழமை காலை, ஹற்றனில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜீவராஜ் வந்தார்.

"மொதல்ல டிஸ்க்க கடைக்குக் கொண்டு போயி, உள்ள இருக்கிறத எல்லாம் சீடியில எடுத்து வச்சிரணுங்க ஐயா. அப்புறம்தான் மத்த வேலை."

என் மருமகள் பிரியந்தி தோட்டப் பாடசாலை ஆசிரியை. மூன்று மாதமாகத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, பிறப்புப் பதிவோ அடையாள அட்டையோ இல்லாத நூற்றெண்பத்தாறு பேரின் விபரங்களை அந்தக் கணினியில் ஏற்றியிருந்தாள். செவ்வாயன்று அவர்களைப் பதிய அதிகாரிகள் வரவிருந்தார்கள். அவள் எழுதிவந்த தாள்களை நான்தான் அடுப்புக்குக் கொடுத்தேன். கணினி உள்ள வீட்டில் கடதாசி இறைந்து கிடப்பது கௌரவமா?

"அவரு சொல்றபடி செய்வோம் மாமா" என்றாள். "காளியாயி அம்மாவுக்கு அம்பத்தெட்டு வயசு. இப்பதான் மொத மொத பேரு பதியப் போறாங்க."

"வெள்ளிக்கிழமை வீட்டுச் சொத்து வாசல் தாண்டாதும்மா."

"ஊராளுங்க பேரு நம்ம சொத்தா மாமா?"

"நம்ம கணினிக்குள்ளதானே இருக்கு?"

"அப்ப நாளைக்கு வச்சுக்குவோம்."

"அழைப்புக் கார்டு அடிச்சுக் குடுத்தாச்சு. ஒம்பதே காலுக்கு முகூர்த்தம். துரை வர்றாரு!"

துரை வந்தார். பூசாரியும் வந்தார். கணினிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மின்னல் தாக்காதிருக்க ஓர் எலுமிச்சம்பழம். பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒரு குறையுமில்லை.

பாதி வேலையில் ஜீவராஜ் திரும்பினார்.

"பழச வச்சுக்கிட்டு மேல போடவாங்க, அழிச்சிட்டுப் போடவா? வச்சுக்கிட்டா நல்லதுங்க ஐயா."

துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வீட்டுக்குப் பழைய வெளக்குமாத்தத் தூக்கிட்டா போவாங்க? அழிங்க!"

"மாமா! அந்தப் பேரெல்லாம்!" தேநீர்த் தட்டோடு வந்த பிரியந்தி கத்திவிட்டாள்.

சபை நடுவே எங்கள் வீட்டு மருமகளின் குரல் உயர்ந்தது அதுவே முதல் தடவை. அந்தக் களங்கத்தைத் துடைக்க ஒரே வழிதான் இருந்தது. ஜீவராஜ் கையை இழுத்துக்கொண்டார். நானே அழுத்தினேன்.

துரை கை தட்டினார்.

செவ்வாய்க்கிழமை காளியாயி முதல் ஆளாக வந்து வாசலில் நின்றாள். பிரியந்தி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"அழாதீங்க டீச்சர்" என்றாள் காளியாயி. "பேரு இல்லாமத்தானே இத்தன வருசம் கொழுந்து எடுத்தேன். கொழுந்து என்னா, வேணாமுன்னா சொல்லிருச்சு?"

மற்றபடி, புதுப்பிப்பு மாபெரும் வெற்றி. வைரஸ் இல்லை, தடங்கல் இல்லை. எக்ஸ்பி மரியாதை தெரிந்தது. பயன்படுத்துவோரின் பெயரை அதுவே கேட்டது. நான் தட்டச்சுச் செய்தேன். நூற்றெண்பத்தாறு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு பெயர் பத்திரமாக இருக்கிறது: என்னுடையது.