பெர்னாருக்குப் போட்ட நாற்காலி

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
ஒக்டோபர் 12, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உள்ள மச்சாள் இம்மாகுலேற் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அஜந்தாவின் கணவன் வின்சன்ற் எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் எல்லோரும் என்று சொல்வதற்கு இப்போது இந்த வீட்டில் நானும் மகள் ஷார்லோத்தும்தான், இருவரும் அவ்வளவு நலமில்லை. மன்னாரில் நீங்களாவது சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். பத்து மாதமாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது உங்கள் கண்ணில் படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கடைசியாக நீங்கள் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அவளுக்கு இருந்தது நான் ஒரே ஒரு அக்கா. நினைவு மலரிலை என்ரை பேர் இல்லை. ஆர் தம்பி இந்தப் பெர்னார்?" என்று கேட்டீர்கள். நான், "அவர் ஒரு டைனோசர், மச்சாள்" என்றேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருப்பேன். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை, பகிடியுமில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அஜந்தா போன பிறகு முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்க வேண்டியிருந்தது. யார் யாருக்கு மகள், யார் யாருக்குச் சகோதரி என்று உறவுகளை வரிசையாகப் போடும் பக்கம்தான் அதில் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியும். படத்தில் முகம் மங்கினாலும் சனம் மன்னிக்கும், அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச மாட்டார்கள். எனக்கோ அந்த நாட்களில் தலை வேலை செய்யவில்லை. தேநீருக்கு உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஆள் நான். அப்படியிருக்க, ஒருநாள் குசினி அலுமாரியைத் திறந்தபோது கதவின் உட்பக்கம் அவளுடைய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டேன். தலைப்பு 'எங்கடை ஆக்கள்'. கீழே நாலு பெயர். பெர்னார்: நல்ல உயரம், மரக்கறி மட்டும். மரியான்: சரியான வாய், ஆனால் நல்ல மனம். லூடோவிக்: பல்லுக் கொதி, பாவம். பேர்ளி: கால் நோ, மெல்லத்தான் நடப்பா. தன் வருத்தம் இனி மருந்துக்கு மாறாது என்று தெரிந்து, எனக்குச் சிரமம் வைக்காமல் பட்டியலைக்கூட எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு போனில் ஒரு படம் எடுத்து, ரூ காய் தெருவில் அச்சுக்கடை வைத்திருக்கும் அன்ரனுக்கு அனுப்பினேன்.

அன்ரனைக் குறை சொல்லக் கூடாது. "அண்ணை, இவையை நான் கேள்விப்பட்டதில்லையே. ஆர் இவை?" என்று கேட்டவன்தான். நான் விட்டேனா. எங்கள் சனம் டென்மார்க், நோர்வே, கனடா என்று சிதறிக் கிடக்கிறது, நான் காணாத பெரியப்பா பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்களோ என்று நினைத்து, "ஒண்டுவிட்ட சகோதரங்களாக்கும் தம்பி. அவ எழுதினபடியே போடும், ஒண்டையும் மாத்தாதேயும்" என்றேன். அவன் ஒன்றையும் மாற்றவில்லை. 'பெர்னார், மரியான், லூடோவிக், பேர்ளி ஆகியோரின் அன்புச் சகோதரியும்' என்று பொன் எழுத்தில் அடித்துவிட்டான். மனைவியின் ஒரே அக்காவை ஒரு மனிதன் மறக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடிந்தது மச்சாள். உங்கள் பெயர் இல்லாமல் அப்படியொரு பக்கம் இருக்கும் என்று நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

பூசையன்று நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து வரும் சொந்தங்கள் நிற்கக் கூடாதென்று முன்வரிசையில் நாலு நாற்காலி ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் பிரெஞ்சு எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். ஒருவரும் வரவில்லை. சாமியார் மணியைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். மலர் கையில் கிடைத்தவர்களில் ஒருவராவது "ஆர் இந்தப் பெர்னார்" என்று கேட்டிருக்கலாம். மற்றவர்களுக்குத் தெரிந்த உறவு தனக்குத் தெரியாது என்று எங்கள் சனம் வாய்விட்டுச் சொல்லுமா? பாண்டிச்சேரி ரொபேர், போஸ்ட் ஆபீசில் இருந்து ரெத்ரேத் ஆனவர், என் தோளைத் தட்டி, "பெர்னாரா? தெரியுமே. ஸ்தேன்ல இருக்காரு. நல்ல உயரம். பழகினா தங்கமான மனுஷன்" என்றார். பின்வரிசையில் ஒரு அம்மா, "கூடப்பிறந்தவளுக்கு வேலையிலை ஒரு மணித்தியாலம் கொஞ்சே கேட்டு லீவு எடுக்க ஏலாதோ அந்தாளுக்கு?" என்று பெர்னாரைத் திட்டினார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பெர்னாரில் சரியான கோபம். என் அஜந்தாவுக்கு வராத மனிதன் இனி என் வாசலுக்கு வரத் தேவையில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

பூசை முடிந்து நாற்காலிகளை மடிக்கும்போதுதான், தமிழ் வாசிக்கத் தெரியாத ஷார்லோத் அந்தப் பெயர்களை வாசித்தாள். பிறகு, "பப்பா, பெர்னார் சே லு டிப்ளோடோக்குஸ்" என்றாள். அது நீளக் கழுத்து டைனோசராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே பெர்னாரின் நாற்காலியில் இருந்து அழத் தொடங்கினாள்.

அஜந்தா பத்தொன்பது வருடம் ஒரு மியூசியத்தில் மெனாஜ் என்று கூட்டித் துடைக்கும் வேலை செய்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அவள் துடைத்தது டைனோசர் எலும்புகள் நிற்கும் மண்டபத்தை என்று தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது, நான் கேட்டதில்லை. கதவு திறக்கும் முன் தனியே தரை துடைக்கும்போது அந்த எலும்புகளுக்குப் பெயர் வைத்து, கதைத்து, கடைசியில் அவர்களுக்கென்று ஒரு தீவையே உண்டாக்கியிருக்கிறாள். அதைப் பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதினாள், பதினொரு கொப்பி. ஷார்லோத்துக்குச் சின்ன வயதில் அதைப் பிரெஞ்சில் சொல்லித்தான் நித்திரையாக்கினாளாம். ஒருமுறை நான், "என்ன எழுதுறீர்?" என்று கேட்டேன். "சாமான் லிஸ்ற்" என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

அந்தத் தீவில் மனிதர்களும் டைனோசர்களும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். டைனோசர்களுக்கு நம்மைவிடப் புத்தி அதிகம், ஆனால் காட்டிக்கொள்வதில்லை. வதிவிட அட்டை கொடுக்கும் கந்தோரில் இருப்பது மரியான். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்று ஒருவரிடமும் கேட்க மாட்டாளாம், முட்டையிலிருந்து வந்த தன்னிடமே அது இல்லையே என்பாளாம். ஆயிரம் பல்லுள்ள லூடோவிக் பாண் சுடுகிறான். அவனுக்குப் பல்லுக் கொதி வந்தால் ஊரே கராம்புத் தண்ணீர் வாளியுடன் வரும். ஒரு இடத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'இஞ்சை பெரிய சத்தம் கேட்டால் ஒருத்தரும் குப்புறப் படுக்கிறேல்லை. பெர்னார் தும்மினவர் எண்டு எல்லாருக்கும் தெரியும்.' அந்த வரிக்கு மேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை.

மச்சாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடுத்த நாள் அந்தப் பதினொரு கொப்பியையும் புரட்டி என் பெயரைத் தேடினேன். வின்சன்ற் என்று ஒரு இடத்திலும் இல்லை. நான் ரெஸ்ரோறன்ற் குசினியில் நின்றுவிட்டு வரும்போது அவள் நித்திரை, அவள் வேலைக்குப் போகும்போது நான் நித்திரை. எங்கள் சம்சாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. அதற்காக, பல்லுக் கொதிக்காரனுக்கு இருக்கிற இடம் எனக்கு இல்லையா? நாலு நாள் அவள் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தாமல் கோபத்தில் இருந்தேன். ஐந்தாம் நாள் இரண்டாகக் கொளுத்தினேன்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். அந்தத் தாளில் உங்கள் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. அவளுடைய தீவில் இடம் கிடைக்காத இரண்டு பேர் நாங்கள், நாங்களும் ஏன் கோபித்துக்கொண்டிருக்க வேண்டும்? ஷார்லோத்துக்கு அம்மாவைத் தெரியும், அஜந்தாவைத் தெரியாது. அவள் எப்படிச் சிரிப்பாள், கோபம் வந்தால் எப்படி மூக்கை உறிஞ்சுவாள் என்று நான் தமிழில் சொன்னால் 'ஓம், ஓம், அப்பிடித்தான்' என்று சொல்வதற்கு உங்களைவிட எனக்கு ஒருவரும் இல்லை. அடுத்த மாதம் ஆண்டுத் திருப்பலி. புதிய மலரில் உங்கள் பெயரை முதல் வரியில் போட அனுமதி தாருங்கள். நான் சொன்னது உண்மை என்பதற்குச் சாட்சியாக அந்தத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாதா உங்களுக்கு முழங்கால் நோவைக் குறைத்து, என்மேல் உங்களுக்குள்ள கோபத்தையும் குறைக்க வேண்டுகிறேன். ஷார்லோத் உங்களுக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு உரியவனான
வின்சன்ற்

பி.கு: தாள் இத்துடன் இல்லை. கடித உறைக்குள் வைப்பதற்காக அதை அலுமாரிக் கதவிலிருந்து மெல்ல உரித்தேன். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தது. அங்கே தலைப்பு 'இனி வரவேண்டிய ஆக்கள்'. மூன்று பேர். 'அக்கா: கோவத்திலை வரமாட்டன் எண்டு நிப்பா. பெர்னாரைத்தான் அனுப்பவேணும், அவரின்ரை கழுத்துக்கு மன்னார் எட்டும். ஷார்லோத்: நல்லாய்க் கிழவியாகி ஆறுதலாய் வரட்டும். இவர்: வேலை முடிச்சுப் பிந்தித்தான் வருவார். சாப்பாட்டை மூடி வைக்கவேணும்.' முப்பது வருடத்தில் அவள் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் மடையன், பதினொரு கொப்பியிலும் வின்சன்றைத் தேடியிருக்கிறேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் 'இவர்' இருக்கிறார். ஆகவே மேலே எழுதியதை நம்ப வேண்டாம், நம் இருவருக்கும் இடம் இருக்கிறது. தாளை அனுப்ப மனம் வரவில்லை. திரும்பவும் கதவில் ஒட்டிவிட்டேன், இந்தமுறை பின்பக்கம் தெரிய. ஞாயிறு பூசை முடிந்து உங்களுக்குப் போன் எடுப்பேன், வாசித்துக் காட்ட வேண்டும். போனை எடுங்கோ, மச்சாள்.