மாப்பிள்ளையின் முறுக்கு விசை

நட்டும் போல்ட்டும் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, அவற்றை இறுக்குவதற்கு முன் முறைப்படி கூட்டம் கூட்டி, நிகழ்ச்சி நிரல் வாசித்து, தீர்மானம் நிறைவேற்றிய ஒரே மாமனிதர் என் அக்காவின் கணவர்தான். வீட்டில் அவர் எனக்கு அத்தான், அலுவலகத்தில் 'சார்'. எங்கள் பிரிவில் இருபத்திரண்டு பேரை ஒன்பது ஆண்டுகளாக இறுக்கி வருகிறவர் என்பதால், இந்தத் துறையில் அவருடைய அனுபவத்தை யாரும் சந்தேகிக்க முடியாது.

அப்பாவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு குலுக்கல்கூட ஆகாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அத்தானின் காரோ, தீக்குச்சியின் மேல் ஏறி இறங்கினாலும் பின்சீட்டில் இருப்பவரின் தலையைக் கூரையில் இடிக்கும் நிலையில் இருந்தது. பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெயைக் கக்கிவிட்டு உயிரை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. மாப்பிள்ளை கார் வைத்திருக்கும்போது மாமனார் ஆம்புலன்ஸில் வருவதா? அத்தானின் கௌரவம் சிலிர்த்துக்கொண்டது. காரோடு வருபவற்றைவிட உயர்ந்தவை என்று தங்களைத் தாங்களே புகழ்ந்துகொண்ட இரண்டு ஷாக் அப்சார்பர்களை இணையத்தில் வரவழைத்தார். வீட்டிலேயே, தன் கையாலேயே மாட்டப்போவதாக அறிவித்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் ஆலோசனைக் கூட்டம். தலைமை, முன்னிலை, சிறப்புரை மூன்றும் அத்தான். நான் 'ஆவணப் பொறுப்பாளர்', அதாவது பெட்டிக்குள் இருந்த செய்முறைக் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவன். அக்கா 'சிறப்பு அழைப்பாளர்'. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவாரே என்று அவள் கேட்டதை, 'ஆலோசனை நன்றியுடன் பெறப்பட்டது' என்று எழுதிக்கொள்ளும்படி எனக்கு உத்தரவாயிற்று. எழுதிக்கொண்டேன்.

அடுத்தது 'களப்பணி'. அத்தான் ஜாக்கி வைத்துக் காரின் பின்புறத்தைத் தூக்கினார், தாங்குகட்டைகள் கொடுத்தார், சக்கரங்களைக் கழற்றினார். பழையதை உருவிப் புதியதை மாட்டினார். பொய் சொல்லக்கூடாது, அதுவரை நன்றாகத்தான் செய்தார். இறுக்கும் கட்டம் வந்ததும் அவருக்குள்ளிருந்த அதிகாரி எழுந்துகொண்டார். ஸ்பேனரின் வாலில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு அதில் ஏறக்குறையத் தொங்கினார்.

என் கையிலிருந்த குறிப்பின் நான்காம் பக்கத்தில், தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: 'போல்ட்டை முதலில் கையால் மட்டும் திருகி வைக்கவும். வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தின் மேல் வந்த பின்பே, குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்கவும். தொங்கும் நிலையில் இறுக்கினால் உள்ளே உள்ள ரப்பர் முறுகிக் கிழிந்துவிடும்.'

கார் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இருமினேன்.

"என்னடா?"

"இல்ல அத்தான், எவ்வளவு முறுக்கணும்னு இதுல ஒரு அளவு போட்டிருக்கான்."

"அளவெல்லாம் கையில தெம்பு இல்லாதவனுக்கு. வேற என்ன போட்டிருக்கான்?"

ஊரார் 'மாப்பிள்ளை முறுக்கு' என்கிறார்களே, அந்த விசையை அளக்க இன்னும் கருவி வரவில்லை. மேலும், அந்த வாரம் பதவி உயர்வுப் பட்டியல் அத்தானின் மேஜையில் இருந்தது. ஒரு போல்ட்டுக்காக மேலதிகாரியின் மனத்தைக் கோணவைப்பது நிர்வாக ஒழுங்குக்கு உகந்ததல்ல. நான்காம் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன்.

"வேற ஒண்ணுமில்ல அத்தான். நல்லா இறுக்கியிருக்கீங்க."

ஞாயிறு காலை ஆஸ்பத்திரி வாசலில், நான்கு தலையணைகளுக்கு நடுவே அப்பாவைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், அக்கா முன்சீட்டில். தனக்காக மாப்பிள்ளை சட்டையெல்லாம் அழுக்காக்கிக்கொண்டாரே என்று அப்பா வருந்தினார். முதல் வேகத்தடையில் பின்னால் 'கீச்' என்றது. அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"எப்படி மாமா, மெத்தை மாதிரி இருக்கா?" என்றார் அத்தான், கண்ணாடியில் பார்த்து.

"சுகமா இருக்கு மாப்பிள்ளை," என்றார் அப்பா. கண்ணை மூடியிருந்தார்.

இரண்டாவது வேகத்தடையில் இரும்போடு இரும்பு மோதியது. அப்பாவின் பிடி இறுகியது. அந்தப் பிடியும் சரியான அளவைத் தாண்டியே இருந்தது. நிறுத்துங்க என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது வந்துவிட்டது. அப்பாவின் கை தளர்ந்தது.

"தம்பி, என் கால் எங்க இருக்குன்னே தெரியலடா," என்றார். ரகசியம் போலச் சொன்னார், மாப்பிள்ளை காதில் விழுந்துவிடக் கூடாதென்று.

ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் தெருமுனை மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தொங்கவிட்டே இறுக்கினீர்களா, பேப்பரில் பெரிதாகப் போட்டிருப்பானே என்று கேட்டார். அத்தான் உடனே ஒரு விசாரணைக் கூட்டம் போட்டு, சாலைப் பராமரிப்பைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார். அக்கா வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகில் இருந்தாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேப்பர நீதானே வச்சிருந்த?"

எனக்கு முன்னால் அப்பா பதில் சொன்னார். "அவனைத் திட்டாதம்மா. கண்ணுல பட்டிருந்தா சொல்லாம இருப்பானா? என் முதுகாச்சே."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. சாகவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் பதவி உயர்வு வந்தது. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. 'சிறப்புத் தகுதி' என்ற கட்டத்தில் அத்தான் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'குறிப்பறிந்து நடப்பவர்.'

குறிப்பை அறிந்தவன் நான்தான். நடக்க முடியாமல் கிடப்பவர் அப்பா.