ஆணி, தகரம், பைப் மந்திரம்

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு மந்திரம்தான் எழுதியிருக்கிறேன். அதில் ஆணி வரும், தகரம் வரும், பைப்பும் வரும். அதைக் கேட்டு ஒரு பெரிய கம்பெனியின் டைரக்டர் எழுந்து நின்று கும்பிட்டார். என் படிப்புக்கு இதுவே அதிகம். (பத்தாவது இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் பரீட்சை என்னைத் தாண்டிப் போய்விட்டது.)

என் அக்கா செல்வி அப்படி இல்லை. யாங்கூனில் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு அவள்தான் பொறுப்பு. துறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மைதானம், ஒரு பெண்கள் கால்பந்து டீம், ஒரு விசில், அக்கா. அவ்வளவுதான். அந்த மைதானத்தின் மேல் பிரின்ஸிபாலுக்கு ரொம்ப நாளாகக் கண். "உங்க துறை தன் செலவைத் தானே பார்த்துக்கிட்டா அது மைதானம். இல்லன்னா கார் பார்க்கிங்" என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை. கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு மூட்டையும் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டார். அக்கா பந்து எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த மூட்டை அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்கா தெருத் தெருவாக அலைந்து ஒரு எனர்ஜி பானக் கம்பெனியைப் பிடித்தாள். விளையாட்டுத் துறையின் விளம்பர உரிமை, ஒளிபரப்பு உரிமை எல்லாவற்றையும் அவர்கள் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். முதலில் ஃபைனல் மேட்ச் ஒன்றை மட்டும் நடத்திப் பார்ப்பார்கள். அது ஒழுங்காக முடிந்தால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து.

ஒப்பந்தத்தை அக்கா சாப்பாட்டு மேஜையில் வைத்து எனக்கு விளக்கினாள்.

"வேலி, சட்டை, கோல் போஸ்ட், போர்டு, மைக், கேமரா, எல்லாம் அவங்களது. மைதானத்துக்குள்ள அவங்க பேரத் தவிர வேற எந்த வியாபாரி பேரும் கண்ணுல படக்கூடாது, காதுல விழக்கூடாது."

"அப்ப நமக்கு என்னாக்கா மிச்சம்?"

"வெளையாட்டு."

"அதுலயும் நம்ம தோத்துருவோமே."

"டேய் பாண்டி, ஒனக்கு வேல வேணுமா வேணாமா?"

வேலை வேண்டும். மைதான ஏற்பாடும் மைக்கும் என் பொறுப்பு. எனக்கு மைக் அனுபவம் உண்டு. எங்கள் கோயில் திருவிழாவில் உபயதாரர் பெயரை அறிவிக்கிறவன் நான்தான். பால்குடம் யார் உபயம், பந்தல் யார் உபயம், பந்தலுக்கு அடித்த ஆணி யார் உபயம் என்று மூச்சு விடாமல் சொல்லுவேன். எங்கள் கோயில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று பேர் பெயர் எழுதியிருக்கும். விசிறி சுற்றினால் யாருடையதும் தெரியாது, கரண்ட் போனால்தான் படிக்கலாம். யாங்கூனில் இது ஒரு குறையே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதுதான் நான் படித்த மார்க்கெட்டிங் காலேஜ். அங்கே யாரும் 'என் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும்' என்று கேட்டதில்லை. அதனால் அக்கா சொன்ன ஒப்பந்தம் என் ஒரு காதில் மட்டும் ஏறியது.

ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் கோல் போஸ்டைப் பார்த்தேன். வலை கிழிந்து, பந்து உள்ளே போனால் அப்படியே பின்பக்கத் தெருவுக்குப் போய் பஸ் ஏறிவிடும் நிலை. கம்பெனி பேனர் தரும், டின் தரும், கேமரா தரும். வலை தராது. பிரின்ஸிபாலிடம் கேட்டால் சுண்ணாம்பு தருவார். நான் லான்மடாவ் கடைத்தெருவுக்குப் போனேன்.

அங்கே ஊ மாரிமுத்துவின் இரும்புக் கடை. ('ஊ' என்பது இங்கே பெரியவர்களுக்குப் போடும் மரியாதை, நேரில் கூப்பிட்டால் 'ஊலே'. தமிழ்ப் பெயரோ பர்மியப் பெயரோ, வயிறு கொஞ்சம் முன்னால் வந்தால் 'ஊ' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.) கோயில் கமிட்டியிலும் அவர் பெரிய ஆள். விஷயத்தைச் சொன்னதும் வலை, புது பைப், கோலுக்குப் பின்னால் பந்து தெருவுக்குப் போகாமல் இருக்கத் தகர வேலி, மூன்றுக்கும் தலையாட்டினார்.

"பேரு போடணும்" என்றார்.

"ஊலே, அங்க பேரு போடக்கூடாதுன்னு ஒரு..."

"பேரு தெரியாம குடுத்தா அது குடுத்தது இல்லடா, தொலஞ்சு போனது."

பக்கத்துக் கடை இப்ராஹிம் பாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டம்பௌ, அதாவது நம்ம பிரியாணி, விற்கிறவர். மாரிமுத்துவுக்கு முப்பது வருஷ நண்பர், முப்பது வருஷப் போட்டியாளர். "பிள்ளைங்களுக்கு நாலு சட்டி டம்பௌ நான் அனுப்பறேன். ஆனா ஒண்ணு. அவன் பேரு எத்தன தடவ வருதோ, அத்தன தடவ என் பேரும் வரணும்" என்றார்.

"கண்டிப்பா பாய்" என்றேன். (வாக்குக் கொடுக்கிற விஷயத்தில் நான் கஞ்சனே இல்லை.)

வரும் வழியில் என் மூளை ஒரு சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்தது. விளம்பரம் என்றால் 'வாங்கு' என்று சொல்லும். உபயம் 'கொடுத்தேன்' என்று மட்டும்தான் சொல்லும். ஆக, உபயம் விளம்பரமே இல்லை. மேலும், அதைத் தமிழில் எழுதினால் கம்பெனிக்காரர்களுக்குப் படிக்கவும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அவள் தமிழ் பேசுவாள், ஆனால் படித்ததெல்லாம் பர்மிய மீடியம். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு நான் மட்டும்தான் போனேன், சுண்டலுக்காக. படிப்பில் அக்காவை நான் முந்திய ஒரே இடம் அதுதான்.

தகர வேலியில், சிவப்பு பெயிண்டில், என் கையாலேயே எழுதினேன்:

உபயம்: ஊ மாரிமுத்து, ஆணி, தகரம், பைப் வியாபாரம், லான்மடாவ்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் மா தஸின் மைதானத்தைப் பார்க்க வந்தார். சிரித்த முகம், கையில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தவர் தகர வேலி முன்னால் நின்றார். அக்காவும் நின்றாள். நானும் நிற்க வேண்டியதாகிவிட்டது.

"இது என்ன எழுத்து?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"தமிழ்" என்றேன்.

"என்ன எழுதியிருக்கு?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. நல்ல வாய்ப்பு. அதைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டு வழியனுப்பினேன்.

"மந்திரம். திருஷ்டி படாம இருக்க, ஜெயிக்க. ரொம்பப் பழசு."

மா தஸின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகு!" என்று போனில் படமெடுத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் பாதி, பெருமை பாதி. தம்பிக்கு மந்திரமெல்லாம் தெரியும் என்று அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். நானும்தான்.

அவர்களுடைய டைரக்டர் ஜோசியரைக் கேட்காமல் ஆபீஸ் ஜன்னலைக்கூடத் திறக்காதவர் என்பது எனக்குத் தெரியாது.

ஃபைனல் அன்றைக்குக் காலையில் மைதானத்துக்குப் போனேன். கம்பெனியின் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். கம்பெனி பெயருக்கு மேலே தங்க எழுத்தில் 'உபயம்: ஊ மாரிமுத்து, ஆணி, தகரம், பைப் வியாபாரம், லான்மடாவ்'. என் கையெழுத்தே. போட்டோவிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். 'பைப்'பில் பெயிண்ட் வழிந்த இடம்கூடத் தங்கத்தில் வழிந்திருந்தது. கோல் போஸ்டில் அதே. பான டின்களில் ஸ்டிக்கராக அதே. எங்கள் பெண்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஆணி, தகரம், பைப்.

மா தஸின் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவரே அந்தச் சட்டையைப் போட்டு வந்திருக்காரு. ஒரே ஒரு உதவி. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி மைக்ல மூணு தடவை ஓதிடுங்க. லைவ் ஓடுது."

உண்மையைச் சொல்ல இது இரண்டாவது வாய்ப்பு. அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் விசிலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. சுண்ணாம்பு மூட்டை தெரிந்தது.

மைக்கைப் பிடித்தேன். டைரக்டர் எழுந்து நின்றார். அவர் நின்றதும் கூட்டமே நின்றது. எல்லாரும் கைகூப்பினார்கள். நான் கண்ணை மூடி, கோயில் ஐயர் ராகத்தில், இழுத்து இழுத்து ஓதினேன்:

"உபயம்... ஊஊ மாரிமுத்தூஊ... ஆஆணி... தகரம்... பைப்பு வியாபாரம்... லான்மடாஆஆவ்..."

மூன்று தடவை. மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தபோது, கூட்டத்தின் நடுவில் ஊ மாரிமுத்து எழுந்து நிற்பது தெரிந்தது. கண்ணில் தண்ணீர். ஒரு வலைக்கு இவ்வளவு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. கோயிலில் தேரே வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட இது நடந்ததில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக டைரக்டரிடம் நடந்தார்.

டைரக்டர் பணிவாக, "நீங்கதான் பூசாரியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான்தான் மாரிமுத்து" என்றார் சுத்தமான பர்மியத்தில். தன் விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். கார்டில் ஒரு பக்கம் பர்மியம். மறுபக்கம் தமிழ்.

டைரக்டர் கார்டைப் பார்த்தார். தன் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். ஊ மாரிமுத்து உதவி செய்கிற மனுஷன், டைரக்டரின் சட்டைமேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொன்னார். "இது நான். இது ஆணி. இது தகரம். மொத்த விலைக்கும் குடுப்போம்."

கேமராமேன் இந்தக் காட்சியை விட்டு நகரவில்லை. நடுவர் பாவம், விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். முதல் நிமிஷத்திலேயே எங்கள் டீம் ஒரு கோல் போட்டது. ஒளிபரப்பு உரிமையை முழுசாக வாங்கிய கம்பெனியிடம் அந்தக் கோல் இல்லை. விசிட்டிங் கார்டுதான் இருக்கிறது.

அதற்குள் இப்ராஹிம் பாய் வேலி தாண்டி வந்துவிட்டார்.

"டேய் பாண்டி! நாலு சட்டி அனுப்பிச்சவன் நான்! சட்டை, போஸ்ட்டு, டின்னு, பேனரு, மைக்குல மூணு... எண்ணிட்டேன், நாப்பத்தோரு தடவ அவன் பேரு! என் பேரு எங்கடா?"

"ஒம் பேரு ஏப்பத்துல வரும் பாய்!" என்றார் மாரிமுத்து.

"ஒன் வலய அவுத்துப் போடச் சொல்றேன், பாக்கறியா?"

"ஒன் டம்பௌவத் துப்பச் சொல்லு மொதல்ல!"

எல்லாமே லைவ். அக்கா மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது மந்திரம் இல்லியா?"

"இல்லக்கா."

"என்னதான் எழுதிருக்கு?"

"ஆணின்னு எழுதிருக்கு."

"ஆணியா?"

"தகரமும்."

 அக்கா விசிலை வாயில் வைத்தாள். ஊதவில்லை. சும்மா வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டைரக்டர் இடைவேளைக்கு முன்பே போய்விட்டார். காரில் ஏறும் முன் சட்டையைக் கழற்றி மா தஸினிடம் கொடுத்துவிட்டு பனியனோடு போனார். கம்பெனி கையெழுத்துப் போடவில்லை. வழக்கும் போடவில்லை. வழக்குப் போட்டால் சட்டையை நீதிபதிக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்று மா தஸின் சொன்னதாகக் கேள்வி.

திங்கட்கிழமை பிரின்ஸிபால் ஆள் வைத்துச் சுண்ணாம்புக் கோடு போடத் தொடங்கினார். அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் சாப்பாட்டைக் குறைத்து என் வருத்தத்தைக் காட்டினேன். (வீட்டில். கடையில் சாப்பிட்டேன்.) நான்காவது நாள் வெட்கத்தை விட்டு லான்மடாவ் போய், இரண்டு பெரியவர்கள் முன்னாலும் நின்று எல்லா உண்மையையும் சொன்னேன். நடந்தது மரியாதை இல்லை, என் பொய் என்று மாரிமுத்துவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளை டப்பாவில் கொட்டினார். பிறகு, "பொய்யோ நெசமோ, ஓதினது ஓதினதுதானே?" என்றார்.

"ஆமா ஊலே."

"அந்த மைதானத்துக்கு முழுசா என்ன வெல கேக்கறாங்க?"

பாய் உடனே எழுந்துவிட்டார். "முழுசா எப்படி? பாதி எனக்கு!"

அப்படித்தான் அந்தக் கல்லூரியின் விளையாட்டு உரிமை விற்பனையானது. இரண்டு பேரும் பிரின்ஸிபால் அறைக்குப் போனார்கள். மைதானத்தை இரண்டாக வெட்ட முடியாது என்பதால் ஆட்டத்தை வெட்டினார்கள். முதல் பாதி ஊ மாரிமுத்து உபயம். இரண்டாம் பாதி இப்ராஹிம் பாய் உபயம். இடைவேளையில் பெண்கள் சட்டை மாற்றிக்கொள்வார்கள். யார் பாதியில் எத்தனை கோல் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் குறித்து வைக்கிறார்கள். எக்ஸ்ட்ரா டைம் யாருடையது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதனால் சமனில் முடியப்போகிற ஆட்டம் என்றால் அக்கா கடவுளைக் கும்பிடத் தொடங்கிவிடுவாள்.

பார்க்கிங் கோடுகள் மழையில் கரைந்துவிட்டன. அக்கா பேசத் தொடங்கிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் தமிழ் வகுப்பில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் இடிக்கிற பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "இனிமே ஒருத்தன் தமிழ்ல எழுதி என்ன ஏமாத்தக் கூடாது" என்று வீட்டில் அறிவித்துவிட்டுப் போனாள். அந்த ஒருத்தன் அப்போது எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை நான்தான் தமிழில் எழுதினேன். அக்கா அதை வாங்கி, விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். பெண் வீட்டார் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா, "என்னம்மா தேடுறீங்க?" என்று கவலையோடு கேட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"ஆணி இருக்கான்னு பாக்கறேன்."